பின்வளவில் ஜப்பானிய நாட்வீட்: வாசகர் கேள்வி – பதில்

இளவேனில் தொடங்கியதும் வீடு, காணி தொடர்பாக இப்பகுதிக்கு வரும் கடிதங்களில், நிலத்தடியில் பரவி ஒழிப்பதற்குக் கடினமான ஜப்பானிய நாட்வீட் என்ற களைச்செடி பற்றியவை கூடிவிடுகின்றன. இலண்டனில் வீடு வைத்திருக்கும் வாசகர்கள் எழுதியவற்றிலிருந்து ஆறு கேள்விகளை இவ்விதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் பற்றி இங்கே கூறப்படுவது இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரியது.

கேள்வி: எங்கள் பின்வளவில், பழைய கொட்டிலுக்குப் பின்னால், மார்ச் கடைசியில் சிவந்த முளைகள் சில தோன்றின. இப்போது அவை என் உயரத்தைத் தாண்டிவிட்டன. இது நாட்வீட் என்றும், அத்திவாரத்தைப் பிளந்துவிடும் என்றும், விலை விழுவதற்குள் வீட்டை விற்றுவிடும்படியும் அயலவர் ஒருவர் கூறுகிறார். இதை எப்படி உறுதி செய்வது? வீட்டுக்கு உண்மையிலேயே ஆபத்தா? (வாசகி, ஈஸ்ட்ஹாம்)

பதில்: தண்டு, இலை, நிலத்தடி ஆகிய மூன்றையும் பாருங்கள். நாட்வீட்டின் தண்டு மூங்கிலின் வடிவில் கணுக்களுடனும் உட்துளையுடனும் இருக்கும். பச்சைத் தண்டின் மேல் ஊதா நிறப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். இலையின் நுனி கூராகவும், காம்பை ஒட்டிய அடிப்பக்கம் நேராகவும் இருக்கும். இலைகள் எதிரெதிராக அல்லாமல் மாறி மாறி அமைவதால் கிளை ஒவ்வொரு கணுவிலும் சற்றுத் திரும்பித் திரும்பிச் செல்லும். கோடையின் கடைசியில் வெண்மை கலந்த சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். பனி விழுந்ததும் மேலே உள்ளதெல்லாம் பட்டு, கபில நிறத் தண்டுகள் மட்டும் எஞ்சும். நிலத்தடியில் ஓடுவது வேர் அன்று, கிடையாக வளரும் மட்டநிலத்தண்டு. அதன் வெளிப்பக்கம் கருங்கபிலம், முறித்துப் பார்த்தால் உள்ளே செம்மஞ்சள். ஆனால் அதைப் பார்ப்பதற்காக நீங்கள் கிண்ட வேண்டாம். காரணம் கீழே வருகிறது. பைன்ட்வீட் கொடி, ரஷ்யன் வைன், டொக்வுட், லைலக், உண்மையான மூங்கில் ஆகியவற்றை நாட்வீட் என்று எண்ணி அஞ்சியவர்கள் பலர். தண்டும் இலையும் பூவும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, இத்துறையில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டி எழுத்தில் பதில் பெறுவது நல்லது.

அத்திவாரம் பற்றிய அச்சம் பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது. லீட்ஸ் பல்கலைக்கழகமும் ஏகொம் என்ற பொறியியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்தின் வட பகுதியில் 1900க்கு முன் கட்டப்பட்ட 68 வீடுகளைப் பார்வையிட்டு, நாட்வீட்டினால் கட்டடத்துக்கு நேரும் சேதம் மரங்களாலும் மரத்தன்மையுள்ள கொடிகளாலும் நேரும் சேதத்தைவிடக் குறைவு என்று முடிவு கூறியது. அடுத்த ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றப் பொதுச்சபையின் அறிவியல் தொழில்நுட்பக் குழுவும் இந்நாட்டில் அடைமானக் கடன் வழங்குவோர் இச்செடி விடயத்தில் அளவுக்கு மிஞ்சிய எச்சரிக்கையுடன் நடக்கிறார்கள் என்று குறிப்பிட்டது. உறுதியான கொங்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு வரும் வலிமை இதற்கு இல்லை. ஏற்கெனவே உள்ள வெடிப்பு, நடைபாதைக் கற்களின் இடுக்கு, பழுதான வடிகால் போன்ற இடங்களில் நுழைந்து அவற்றை அகலப்படுத்தும். ஆகவே நடைபாதை, மதில், தோட்டக் கொட்டில் ஆகியவற்றைக் கவனியுங்கள். வீடு இடிந்துவிடும் என்று உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு வரக்கூடிய இழப்பு செங்கல்லில் அன்று, பத்திரங்களில்தான் முதலில் தெரியும். அதனால்தான் இப்பகுதியில் செடியைப் பற்றி எழுதும் அளவுக்குக் கடதாசிகளைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி: கடையில் வாங்கிய களைகொல்லியைச் சென்ற ஆண்டு ஜூனில் தெளித்தேன், இலைகள் கருகின. இவ்வாண்டு மறுபடியும் அதே இடத்தில் அடர்த்தியாக வந்திருக்கிறது. உப்பும் கொதிநீரும் ஊற்றும்படி ஒருவர் சொல்கிறார். எதைச் செய்வது? (வாசகர், இல்ஃபோர்ட்)

பதில்: நீங்கள் தேர்ந்த மருந்து தவறு என்று கொள்ள வேண்டியதில்லை, தெளித்த காலம் பொருந்தவில்லை. இளவேனிலிலும் கோடையின் தொடக்கத்திலும் இச்செடி நிலத்தடியில் சேமித்து வைத்த உணவை மேலே அனுப்பித் தண்டையும் இலையையும் வளர்க்கிறது. பூக்கும் காலத்தை ஒட்டி, அதாவது ஓகஸ்ட் கடைசி தொடங்கி முதல் உறைபனி விழும் வரை, அந்த ஓட்டம் திரும்பி, இலைகள் ஆக்கிய உணவு கீழே இறங்குகிறது. கிளைபோசேட் என்ற களைகொல்லி அந்த உணவோட்டத்துடன் சேர்ந்து பயணம் செய்வது; ஆகையால் அக்காலத்தில் தெளித்தால்தான் அது மட்டநிலத்தண்டை நன்றாகப் போய்ச் சேரும். கார்டிஃப் பகுதியில் சுவான்சி பல்கலைக்கழகத்தினர் நடத்திய நெடிய கள ஆய்வில் 19 முறைகளைச் சோதித்தார்கள். மூன்று ஆண்டுகளின் பின்னும் எந்த முறையும் செடியை வேரோடு அழிக்கவில்லை. ஆயினும் ஆண்டின் பிற்பகுதியில் உரிய அளவில் இலைமேல் தெளிக்கப்பட்ட கிளைபோசேட்டே ஏனையவற்றைவிட நன்றாகப் பயன் தந்தது. 2018இல் வெளியான அந்த முடிவு, “ஒரே தெளிப்பில் தீரும்” என்று விளம்பரம் செய்வோரை மதிப்பிட உங்களுக்கு உதவும்.

எனவே கோடையில் செடியை வெட்டாமல் வளர விடுங்கள். மனம் ஒப்பாதுதான், ஆனால் மருந்தை ஏற்றுக் கீழே அனுப்புவது அந்த இலைகளே. போத்தலில் அச்சிட்டுள்ள அளவை மீறினால் இலை விரைவில் கருகி, மருந்து இறங்குவதற்கு முன்பே வழி அடைபட்டுவிடும். குறைந்தது மூன்று ஆண்டுகள் தொடர வேண்டியிருக்கும். பின்னர் முளைகள் வராவிட்டாலும் மட்டநிலத்தண்டு மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கலாம் என்பதால் அவ்விடத்தைக் கிண்டாமல் விட வேண்டும். ஆறு, ஓடை, வாய்க்கால் அருகே வளவு இருந்தால், தெளிப்பதற்கு முன் இங்கிலாந்தில் சுற்றாடல் முகவரகத்தின் அனுமதி தேவை.

உப்பு, கொதிநீர், டீசல், வினாகிரி எதுவும் ஆழத்தில் உள்ள தண்டைத் தொடுவதில்லை. உப்பும் டீசலும் உங்கள் மண்ணைக் கெடுப்பதோடு அயல் வளவுக்கும் கசியும். அப்போது வழக்கு உங்கள் மேல் வரும்.

கேள்வி: இச்செடியின் இளந்தளிரைச் சமைத்து உண்ணலாம் என்கிறார்களே? அதன் விதைகள் காற்றில் பறந்து எங்கள் வளவுக்கு வருமா? (வாசகி, டூட்டிங்)

பதில்: ஜப்பானில் இதன் புளிப்பான இளந்தண்டை உண்பது உண்மை. இலண்டனில் அதைச் செய்யாதீர்கள்: எந்தத் தண்டில் எவர் மருந்து தெளித்திருக்கிறார் என்று தெரியாது, சமையலறையில் மிஞ்சும் துண்டுகள் குப்பையோடு வெளியேறி வேறெங்காவது முளைக்கக் கூடும். புளிப்புக்கு நமக்கு வேறு வழிகள் உண்டு.

விதை பற்றிய அச்சம் ஏறத்தாழ வீண். ஃபிலிப் ஃபிரான்ஸ் ஃபொன் சீபோல்ட் என்ற இயற்கை ஆய்வாளர் ஜப்பானிலிருந்து நெதர்லாந்துக்குக் கொண்டுவந்த இச்செடி, 1847இல் உட்ரெக்ட் நகரில் அவ்வாண்டின் மிகவும் ஆர்வத்துக்குரிய புதிய அலங்காரச் செடி எனப் பதக்கம் பெற்றது. 1850இல் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. இந்நாட்டில் இன்று காணப்படுபவை எல்லாம் ஒரே பெண் செடியின் நகல்கள் என்பது மரபணு ஆய்வினால் உறுதிப்பட்டிருக்கிறது. ஆண் செடி இல்லாததால் தன் இனத்து விதை உண்டாக வழியில்லை. ரஷ்யன் வைனின் மகரந்தம் பட்டு உருவாகும் கலப்பு விதைகளும் அரிதாகவே முளைத்து நிலைக்கின்றன. அப்படி நிலைத்த ஒன்று வட இலண்டன் ஹரிங்கேயில் 1987இல் கண்டறியப்பட்டு, அந்த ஊரின் பெயராலேயே வழங்குகிறது. உங்கள் வளவுக்கு நாட்வீட் வருமானால் மண்ணோடோ, கருவிகளோடோ, வேலிக்கு அடியாலோதான் வரும்.

கேள்வி: வீட்டின் பின்புறம் அறை ஒன்று கட்ட அனுமதி பெற்றிருக்கிறோம். அத்திவாரம் தோண்ட வேண்டிய இடத்துக்கு அருகில் நாட்வீட் இருப்பதை இப்போதுதான் அறிந்தோம். “சிறிய டிக்கர் (மண் தோண்டும் இயந்திரம்) கொண்டுவந்து ஒரே நாளில் கிண்டி ஸ்கிப்பில் (கழிவுக் கொள்கலனில்) போட்டுவிடலாம், இதற்கெல்லாம் தனி ஆள் எதற்கு” என்று கட்டட வேலை செய்பவர் கூறுகிறார். சம்மதிக்கலாமா? (வாசகர், ஹரோ)

பதில்: சம்மதிக்க வேண்டாம். ஊரில் கிளுவைக் கதியாலை வெட்டி ஊன்றி, அது துளிர்த்து வேலியாவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் இயல்பை விளக்குவது எளிது. வேறுபாடு என்னவெனில் கதியாலுக்கு ஒரு முழத் தடி வேண்டும், நாட்வீட்டுக்கு ஒரு கிராம் எடைகூட இல்லாத மட்டநிலத்தண்டுத் துண்டு போதும். டிக்கரின் வாளி ஒவ்வொரு முறையும் அள்ளும்போது அவ்வாறான துண்டுகள் நூற்றுக்கணக்கில் நறுக்கப்பட்டு, சங்கிலிச் சக்கரங்களில் ஒட்டி, முன்வாசல் வரை விதைக்கப்படும். மூலையில் நின்ற ஒரு புதர் ஒரே நாளில் முழு வளவுக்கும் பரவுவது பெரும்பாலும் இவ்வகையில்தான்.

சட்டச் சிக்கல் அதற்கு மேல். உங்கள் சொந்த வளவில் நாட்வீட் இருப்பது குற்றம் அன்று. அதை அழிக்கும்படி உங்களைக் கட்டாயப்படுத்தும் பொதுவான சட்டமும் இல்லை. ஆனால் 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின்படி அதை வெளியிடங்களில் நடுவதும் வளரச் செய்வதும் குற்றம். வளவை விட்டு வெளியேறும் செடியும், அதன் துண்டுகள் கலந்த மண்ணும் 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட கழிவாகக் கருதப்படுகின்றன. பதிவு பெற்ற கழிவு ஏற்றுநரே அவற்றைக் கொண்டுபோக வேண்டும். அனுமதி பெற்ற நிலநிரப்பு இடத்திலேயே கொட்ட வேண்டும். ஏற்றிய பற்றுச்சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். சாதாரண ஸ்கிப், கவுன்சிலின் தோட்டக் கழிவுத் தொட்டி, வீட்டு உரக்குழி மூன்றும் கூடாது. உங்கள் வேலையாள் எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டிவிட்டால், யாரிடம் எவ்வாறு ஒப்படைத்தீர்கள் என்ற கேள்வி உங்களிடமும் வரும்.

கட்டுவதைக் கைவிட வேண்டியதில்லை. அத்திவாரம் அமையும் பரப்பில் மட்டும் பயிற்சி பெற்ற நிறுவனத்தின் மேற்பார்வையில் மண்ணை அகற்றி, எல்லையில் வேர்த்தடுப்பு விரிப்பை நிலைக்குத்தாகப் பதித்து, வளவின் எஞ்சிய பகுதியில் களைகொல்லி முறையைத் தொடர்வது பலர் பின்பற்றும் வழி. களைகொல்லித் திட்டத்துக்குச் சில ஆயிரம் பவுண் செலவாகலாம்; அகழ்ந்து அகற்றுவது அதைப்போலப் பல மடங்கு, ஏனெனில் நிலநிரப்புக் கட்டணம் மண்ணின் எடைக்கு ஏற்ப ஏறும். ஆகவே அகற்றும் மண்ணின் அளவைக் குறைக்கும் வகையில் வரைபடத்தைச் சற்று மாற்ற முடியுமா என்று கட்டடக் கலைஞரிடம் முதலில் கேளுங்கள். அந்த ஓர் உரையாடல் பெருந்தொகையை மிச்சப்படுத்தக் கூடும்.

கேள்வி: அடுத்த வீடு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது, உரிமையாளர் வேறு நகரில் இருக்கிறார். அவர் வளவில் மண்டிக் கிடக்கும் நாட்வீட் வேலிக்கு அடியால் எங்கள் பக்கம் முளைக்கிறது. வழக்குத் தொடரலாமா? (வாசகர், மிச்சம்)

பதில்: தொடரலாம், ஆனால் அது கடைசிப் படியாக இருக்கட்டும். வேலித் தகராற்றை நீதிமன்றம் வரை கொண்டுபோவதில் நமக்குள்ள ஆர்வம் ஊரோடு நின்றுவிடவில்லை என்பதை இப்பகுதிக்கு வரும் கடிதங்களே காட்டுகின்றன, ஆகையால் முதலில் இதைச் சொல்லிவைக்கிறேன்.

2018இல், ரயில் பாதைகளைப் பராமரிக்கும் நெட்வேர்க் ரெயில் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவ்விடயத்தில் அடிப்படையானது. தென் வேல்சில் உள்ள மயிஸ்டெக் என்ற ஊரில், ரயில் பாதையை ஒட்டிய இரண்டு வீடுகளின் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு அது. (1886இல் இச்செடி தோட்டங்களுக்கு வெளியே தானாக வளர்வதாகப் பதிவானதும் இதே ஊர்ப் பகுதியில்தான்.) வீட்டின் விலை குறைந்தது என்பது மட்டும் வழக்குக்குக் காரணமாகாது, ஆனால் மட்டநிலத்தண்டு அயலவரின் நிலத்துக்குள் புகுந்திருந்தால், கட்டடத்துக்குச் சேதம் நேரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, நிலத்தை அனுபவிக்கும் உரிமைக்கு ஏற்பட்ட அந்த இடையூறே போதும் என்று நீதிமன்றம் கூறியது.

இதைப் படித்து உற்சாகமடைந்தவர்கள் 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையும் படிக்க வேண்டும். பிரிஜெண்ட் மாவட்ட சபையின் நிலத்திலிருந்து நாட்வீட் புகுந்த வீட்டை அதன் உரிமையாளர் 2004இல் வாங்கியிருந்தார். செடி அதற்கு முன்பே உள்ளே வந்திருந்தது. சபை தன் கடமையில் தவறியதாகக் கொள்ளப்பட்டது 2013 முதல்தான். சபை தவறுவதற்கு முன்பே விலைக் குறைவு ஏற்பட்டுவிட்டதால், அதற்கான இழப்பீடு கிடைக்காது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆகவே செடி எப்போது எல்லையைத் தாண்டியது, உரிமையாளர் எப்போது அதை அறிந்தார் என்ற இரு நாட்களும் உங்கள் வழக்கின் உயிர்நாடி.

இன்றே செய்ய வேண்டியது இது. எல்லை தெரியும்படி நாளிட்ட படங்கள் எடுங்கள். சில பவுண் கட்டணத்தில் காணிப் பதிவகத்திடமிருந்து அடுத்த வீட்டு உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் பெற்று, படங்களுடன் பணிவான ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்; வாடகைக்கு இருப்பவரோடு சண்டையிடுவதால் பயனில்லை. இரண்டு வளவுகளுக்கும் சேர்த்து ஒரே நிறுவனத்தை அமர்த்திச் செலவைப் பகிர்ந்துகொள்ள முன்வருவது வழக்கைவிட மலிவானது, மருந்து எல்லையின் இரு புறமும் ஒரே காலத்தில் படுவதால் பயனும் கூடும். பதில் வராவிட்டால் கவுன்சிலை அணுகுங்கள். 2014ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டத்தின் கீழ், எழுத்தில் எச்சரித்த பின் சமூகப் பாதுகாப்பு அறிவித்தல் கொடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அதை மீறும் தனிநபருக்கு 2,500 பவுண் வரையும், நிறுவனத்துக்கு 20,000 பவுண் வரையும் தண்டம் விதிக்கலாம். எல்லாக் கவுன்சில்களும் இந்த அதிகாரத்தை விரைந்து பயன்படுத்துவதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். உங்கள் பக்கம் வந்த முளைகளுக்கு நீங்கள் மருந்திடலாம். வேலிக்கு அப்பால் தெளிக்க உங்களுக்கு உரிமையில்லை.

கேள்வி: வீட்டை விற்க எண்ணியிருக்கிறோம். செடியை வெட்டி, மேலே சல்லிக்கல் பரப்பிவிட்டு, விற்பனைப் படிவத்தில் “இல்லை” என்று குறிக்கும்படி மைத்துனர் சொல்கிறார். உண்மையைச் சொன்னால் வாங்குபவருக்குக் கடன் கிடைக்காது என்கிறார். (வாசகர், குறொய்டன்)

பதில்: மைத்துனர் சொல்லும் வழி உங்களை நேரே நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தும். டிஏ6 என்ற சொத்து விபரப் படிவத்தில் நாட்வீட் பற்றி நேரடியான கேள்வி இருக்கிறது. “ஆம்”, “இல்லை”, “தெரியாது” என்ற மூன்றில் ஒன்றைத் தெரிய வேண்டும். மேலே எதுவும் தென்படாவிட்டாலும், வளவுக்குள்ளும் எல்லையிலிருந்து 3 மீற்றர் வரையும் மட்டநிலத்தண்டு கிடையாது என்று உறுதியாகத் தெரிந்தவர் மட்டுமே “இல்லை” என்று எழுதலாம் என்பது அதன் விளக்கக் குறிப்பு. தென்மேற்கு இலண்டனில் ரெய்ன்ஸ் பார்க்கில் ஒரு வீட்டை விற்றவர் “இல்லை” என்று எழுதியிருந்தார். வாங்கியவர் பின்னர் தோட்டத்தில் செடியைக் கண்டு வழக்குத் தொடர்ந்தார். பெரிய புதர் மறைத்ததால் தாம் அறியவில்லை என்ற விற்றவரின் வாதம் ஏற்கப்படவில்லை. 2023இல் வந்த தீர்ப்பின்படி இழப்பீடு 32,000 பவுண். அதைவிடப் பெரிய சுமை இரு தரப்பு வழக்குச் செலவு. சல்லிக்கல் பரப்பியவருக்கு “அறியவில்லை” என்று சொல்லவும் வழியிருக்காது. அறிந்துகொண்டே “தெரியாது” என்று குறிப்பதும் பொய்யே.

கடன் கிடைக்காது என்பது பழைய கதை. 2012இல் பட்டய மதிப்பீட்டாளர்களின் அமைப்பான ஆர்ஐசிஎஸ் வெளியிட்ட அறிக்கை வீட்டிலிருந்து 7 மீற்றர் என்ற அளவை வைத்ததால் பல வங்கிகள் கடன் மறுத்தன. 2022 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள புதிய வழிகாட்டல் அந்த அளவைக் கைவிட்டு, ஏ, பி, சி, டி என்று நான்கு நிலைகளை வகுத்திருக்கிறது. கட்டடத்துக்குக் கண்ணால் காணும் சேதம் இருந்தால் ஏ. தோட்டத்தைப் பயன்படுத்த முடியாமல் தடுத்தால் பி. வளவில் இருந்தும் இவை இரண்டும் இல்லாவிட்டால் சி. வளவுக்கு வெளியே, எல்லையிலிருந்து 3 மீற்றருக்குள் இருந்தால் டி. முதல் இரண்டுக்கும் உடனடி நடவடிக்கை தேவைப்படும். சி நிலையில் உள்ள வீட்டுக்குக் கடன் கிடைப்பது இப்போது முன்னரைவிட எளிது.

உங்கள் விடயத்தில், ப்ரொப்பர்ட்டி கெயார் அசோசியேஷன் அல்லது இன்சா என்ற தொழில் அமைப்பில் உறுப்புரிமை பெற்ற நிறுவனம் ஒன்றை இப்போதே அழைத்து, மேலாண்மைத் திட்டம் ஒன்றை எழுத்தில் பெற்று வேலையைத் தொடங்குங்கள். அதோடு காப்புறுதியால் தாங்கப்பட்ட உத்தரவாதம் வேண்டும் என்று கேளுங்கள். வழக்கமாக அது 10 ஆண்டுகளுக்கு வழங்கப்படும், வேலை செய்த நிறுவனம் மூடப்பட்டாலும் செல்லும். புதிய உரிமையாளருக்கு அதை மாற்றிக் கொடுக்க முடியும் என்பது பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று சட்டத்தரணியைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்புறுதி இச்செலவைப் பொதுவாக ஏற்பதில்லை. பின்னர் படிவத்தில் “ஆம்” என்று எழுதி, திட்டத்தையும் பற்றுச்சீட்டுகளையும் உத்தரவாதத்தையும் இணையுங்கள். வாங்குபவர் விலையில் ஓரளவு குறைக்கக் கேட்பார். அந்தத் தொகையை, மீதமுள்ள ஆண்டுகளின் சிகிச்சைச் செலவு எவ்வளவு என்று நிறுவனம் எழுதித் தந்த கணக்கை வைத்துப் பேசுங்கள், அயலவர் கூறும் வதந்தியை வைத்து அன்று.